நகைச்சுவைக்கும் கூலி பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்த் தொலைக்காட்சியில் நகைச்சுவை வறண்டுவிட்டது, எழுதத் தெரிந்த இளைஞர்கள் யாரும் வருவதில்லை என்று வருந்தி அண்மையில் தங்கள் வாசகர் பக்கத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். வறண்டுவிட்டது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இளைஞர்கள் வருவதில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வருகிறோம். திருப்பூரில் சேரன் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, வடபழனிக்கும் வளசரவாக்கத்துக்கும் போய், கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியும் வருகிறோம். ஐந்து ஆண்டுகளாக அப்படிப் போய் வருகிறவன் என்ற முறையில், வறட்சிக்கான காரணங்களில் எனக்குக் கண்கூடாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் சோமனூரை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். எங்களுடையது எட்டு விசைத்தறிகள் கொண்ட கூலித் தறிக்கூடம். இந்தப் பகுதியை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஜவுளி உற்பத்தியாளர் நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுப்பார், நாங்கள் நெய்து சாயமேற்றாத காடாத் துணியாகத் திருப்பிக் கொடுப்போம், துணி அவருடையது, நெய்த கூலி எங்களுடையது. காலை ஆறு மணிக்குத் தறியை ஓட்டிவிட்டால் பிற்பகல் இரண்டு மணிக்கு அப்பா வந்து மாற்றும் வரை நான் கூடத்தை விட்டு நகர முடியாது. அதன் பிறகு குளித்துச் சாப்பிட்டு, நான்கு மணியிலிருந்து இரவு பத்து வரை எழுதுவேன். நூல் வரவுச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் என் முதல் நூறு காட்சிகளும் எழுதப்பட்டன. வணிகவியல் படித்துவிட்டு இப்படிச் சீட்டைப் பாழாக்குகிறானே என்று அப்பா ஒருமுறை கேட்டார். முன்பக்கத்தில் இருக்கும் கணக்கும் நஷ்டக் கணக்குதானே என்று சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு நினைவு தெரிந்து நான் எழுதாமலே கிடைத்த நல்ல வசனம் அது ஒன்றுதான்.

தறிக்கூடம் நகைச்சுவை பழகுவதற்கு நல்ல இடம். எட்டுத் தறி ஓடும் இரைச்சலில் நீண்ட வாக்கியம் எடுபடாது. சொல்ல வேண்டியதை மூன்று நான்கு சொற்களில், அதுவும் கடைசிச் சொல் தெளிவாகக் கேட்கும்படி சொல்ல வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா என்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசி அசையில்தான் தெரிகிறது. ஆகையால் வாக்கியம் முழுவதும் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்து இறுதியில் மறுபக்கம் திரும்பிவிட முடியும். "கடன் வாங்குனா அவரு திருப்பிக் குடுக்காம இருந்ததே" என்பது வரை கேட்பவர் ஒன்றை எதிர்பார்ப்பார். "இல்லீங்க" என்று முடிந்தால் அது நற்சான்றிதழ், "இல்லீங்க, ஏன்னா இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்லீங்க" என்று முடிந்தால் அது நக்கல். எழுதும்போது அந்தத் திருப்பத்தை எவ்வளவு தூரம் தள்ளிப் போடலாம் என்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

மறுபாதி, மரியாதையைக் கைவிடாமல் மட்டம் தட்டுவது. கொங்கு நாட்டு நக்கலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. கோபம் வந்தால் மற்ற ஊர்களில் ஒருமைக்கு இறங்குவார்கள். இங்கே கோபம் கூடக் கூட 'ங்க' கூடும். தாராபுரத்தில் வளர்ந்த நாகேஷும், உடுமலைப்பேட்டைப் பக்கத்து வல்லக்குண்டாபுரத்திலிருந்து போன கவுண்டமணியும், ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட கோவை சரளாவும் இந்த மண்ணின் காதோடு சென்னைக்குப் போனவர்கள் என்பதை நினைக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு துணிச்சல் பிறக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூவரும் நடிகர்கள். கவுண்டமணி செந்தில் இணைக்கு ஏராளமான நகைச்சுவைப் பகுதிகளை எழுதியவர் ஏ. வீரப்பன். அந்த வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் என் நண்பர்களில் பத்துப் பேரைக் கேட்டேன். ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தொலைக்காட்சி நகைச்சுவையில் புதியவன் நுழைவதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, மேடை நகைச்சுவைப் போட்டிகள். ஐந்து முதல் ஏழு நிமிடம் ஓடும் ஒரு ஸ்கிட். இரண்டு அல்லது மூன்று பேர் நடிப்பார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு சிரிப்பாவது விழ வேண்டும். வெட்டிப் பேசும் பதிலை அங்கே 'கவுண்டர்' என்பார்கள். (எங்கள் ஊரில் இந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வேறு கதை.) நடுவர்கள் எங்கே சிரிப்பார்கள், கேமரா எப்போது அவர்கள் பக்கம் திரும்பும் என்பதையும் மனத்தில் வைத்து எழுத வேண்டும். எழுதியவனுக்குப் பணம் நிகழ்ச்சித் தயாரிப்பிலிருந்து வருவதில்லை. மேடையேறும் நண்பர் தமக்குக் கிடைக்கும் பேட்டாவிலிருந்து கொடுப்பார். என் முதல் ஸ்கிட்டுக்கு 1,500 ரூபாய் என்று பேச்சு. கைக்கு வந்தது 800. அந்த நண்பரின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு வந்ததே குறைவு.

இரண்டாவது வாசல் நெடுந்தொடர். அரை மணி நேரத்தில் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம் ஓடும் தொடரில், அழுகைக்கும் சூழ்ச்சிக்கும் இடையே மூச்சு விடுவதற்காக ஒரு மாமாவோ வேலைக்காரரோ வரும் காமெடி டிராக் ஒன்று இருக்கும். அதற்கு வாரத்துக்கு இரண்டு மூன்று காட்சிகள் வேண்டும். வசனகர்த்தா என்று திரையில் பெயர் வருபவர் ஒருவர்; அவருக்குக் கீழே காட்சிகளை எழுதித் தருகிறவர்கள் எங்களைப் போல ஓரிருவர். இரவில் அழைத்து, "நாளைக் காலை ஷூட்டிங், மாமா கேரக்டருக்கு ரெண்டு சீன் அனுப்புங்க" என்பார்கள். எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மறுநாள் படப்பிடிப்பில் பிராம்ப்ட்டர் அதைப் படிக்க, நடிகர் கேட்டுக்கேட்டுச் சொல்வார். நான் தள்ளித்தள்ளி வைத்த கடைசிச் சொல் பல நேரம் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் விழுந்துவிடும். வியாழக்கிழமை பார்வையாளர் கணக்கு வரும். அது இறங்கினால் முதலில் நிற்பது இந்த மாமாதான். என் மாமா ஒருவர் திடீரென்று துபாய்க்குப் போய்விட்டார். அவர் போனது எனக்கே தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரியும்.

இவை இரண்டையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அவசரமும் நிலையாமையும் இந்தத் தொழிலோடு பிறந்தவை. குறை, 'டிஸ்கஷன்' என்னும் அறையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஒளிபரப்பாகும் நகைச்சுவைத் தொடர் ஒன்று வரப்போகிறது, கொங்குப் பின்னணி, ஆகவே நீங்கள் அவசியம் வேண்டும் என்று சொல்லி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தயாரிப்பு நிறுவனம் என்னை அழைத்தது. வளசரவாக்கத்தில் ஒரு மாடி அறை. 17 நாட்கள். தேநீரும் மதியச் சாப்பாடும் அவர்கள் செலவு. படுக்கை ஒரு நண்பரின் அறையில் தரையில். தறிக்கு ஆள் வைத்த கூலி அப்பாவின் கையிலிருந்து. குடும்பத்தில் யார் யார், வீடு எங்கே, வாரந்தோறும் எந்தப் பாத்திரம் எதில் மாட்டிக்கொள்ளும் என்று பதின்மூன்று வாரத்துக்கான கதைக்கோட்டையும் நான்கு எபிசோடுகளின் முழு வசனத்தையும் எழுதிக் கொடுத்தேன். சம்பளம் பற்றிக் கேட்டபோது, "சேனல்ல ஓகே ஆகட்டும் தம்பி, உங்களை விட்டுட்டா செய்வோம்?" என்றார்கள். எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம்தான் காரணம். என் வயதில் இந்த வேலைக்குப் போகும் எல்லோரும் அதே அச்சத்தோடுதான் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். சேனல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது.

எட்டு மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது வேறொரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. போகாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியிடம் வீட்டுக்காரர் பேசும் காட்சி. நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "இருங்க, சாப்பிட்டுட்டே போயிருங்க. நேத்தும் இதையேதானுங்க சொன்னேன்." திரையில் வந்தது இது: "ஏனுங்க, இருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. நேத்தும் நானு இதையேதானுங்க சொன்னேனுங்க. ஆனா நீங்க போகவே மாட்டேங்கறீங்களேங்க." வரிக்கு வரி 'ங்க' போட்டால் கோயமுத்தூர் ஆகிவிடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். அதைவிட, கேட்பவர் தாமே கண்டுகொண்டு சிரிக்க வேண்டியதைக் கடைசி வாக்கியத்தில் விளக்கியும் விட்டார்கள். திருடப்பட்டதைவிடக் கெடுக்கப்பட்டது எனக்கு அதிகம் வலித்தது என்று சொன்னால் பிற எழுத்தாளர்கள் நம்புவார்கள்.

அம்மா திரும்பிப் பார்த்து, "இது உங்க பெரிய மாமன் நம்ம ஊட்டுல சொன்னதாச்சே" என்றார். உண்மைதான். அந்த வரி என் தாய்மாமன் வாயிலிருந்து வந்தது. அவர் அதை யாரிடம் கேட்டாரோ. ஒற்றை நகைச்சுவைக்கு யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அது வெளிப்படுத்தப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கும் ஒரு நாடக ஆசிரியர் தமது நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டார்கள் என்று தொடுத்து, இறுதியில் தோற்றதுதான். ஆகவே ஒரு வரி போனதற்காக நான் சண்டைக்கு நிற்கவில்லை. அந்த 17 நாட்களுக்கும் நான்கு எபிசோடுகளின் முழு எழுத்துக்கும் கூலி என்று ஒன்று பேசப்படவே இல்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, எழுத்தின் உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகவும் கையெழுத்தோடும் இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் இதை எழுதியவன் நான் என்று கோரும் உரிமையை எழுத்தாளனிடமே விட்டுவைக்கிறது. திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கிய, இசைப் படைப்புகளை ஆக்கியவர்களுக்கான ராயல்டியைப் பிடுங்க முடியாதபடி 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பு செய்தது. இவ்வளவும் இருக்கிறது. ஆனால் இருபதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள எழுத்துக்காகச் சோமனூரிலிருந்து யார் போய் வழக்குத் தொடுப்பது? தொடுத்த பிறகு எந்த அறைக்குள் அவனை மறுபடி விடுவார்கள்? தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிந்து வைப்பதற்குப் பயன் உண்டு என்பதை 2018-இல் பெரிய நடிகர் ஒருவரின் படம் குறித்து எழுந்த தகராறில் எல்லோரும் பார்த்தோம். சங்கத்தின் தலைவராக இருந்து, பதிந்து வைத்த கதையும் படத்தின் கதையும் ஒன்றே என்று துணிந்து சொன்ன பாக்யராஜ், கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயில்காரர். ஆனால் நேற்றிரவு கேட்டு இன்று காலை வாங்கிக்கொள்ளும் தொலைக்காட்சிக் காட்சியை எந்த நேரத்தில் பதிவது?

எங்கள் தறித் தொழிலை நினைத்துப் பாருங்கள். அதில் நியாயம் குடிகொண்டிருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் பல்லடம் உள்ளிட்ட பிற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. எங்கள் கூடமும் நின்றது. அந்த நாட்களில் வீட்டில் என்ன சமைத்தோம் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் அங்கே கூலி என்று ஒரு சொல் இருக்கிறது, ரகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, கொடுக்கவில்லையென்றால் கலெக்டர் அலுவலக வாசலில் போய் நின்று காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. பாவைக் கொடுத்துவிட்டு, "நெய்து பாருங்கள், துணி விற்றால் கூலி பேசிக்கொள்ளலாம்" என்று எந்த உற்பத்தியாளரும் எங்களிடம் இதுவரை சொன்னதில்லை. டிஸ்கஷன் அறையில் சொல்வது அதைத்தான். பாவுகூட நம்முடையது என்பது மட்டும் வேறுபாடு.

இந்த ஒப்புமை எனக்கு மட்டும் தோன்றியதல்ல என்பதை அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் பற்றிப் படித்தபோது உணர்ந்தேன். 2023 மே 2-ஆம் நாள் தொடங்கி 148 நாட்கள் அவர்கள் எழுதவில்லை. அங்கே நகைச்சுவைத் தொடரை ஒருவர் தனித்து எழுதுவதில்லை. ஓர் அறையில் பலர் கூடி, வாரம் முழுவதும் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தி எழுதுகிறார்கள். புதியவர் அங்கே உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாகக் கற்றுக்கொள்கிறார். நிறுவனங்கள் அந்த அறையைச் சுருக்கப் பார்த்தன. ஒரு தொடருக்கு எத்தனை எபிசோடு என்பதைப் பொறுத்து இத்தனை எழுத்தாளர்களாவது வேலையில் இருக்க வேண்டும் என்பதையும், செயற்கை நுண்ணறிவை எழுத்தாளர் என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வைத்த பிறகே அவர்கள் பேனாவை எடுத்தார்கள். எங்களிடமும் அறை இருக்கிறது. ஒப்பந்தம்தான் இல்லை.

இத்தனைக்கும் மாதச் சம்பளத்துக்கு எழுத்தாளரை வைத்து வேலை வாங்கிய மரபு இதே கொங்கு நாட்டில்தான் இருந்தது. டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். நடிகர் முதல் தொழிலாளி வரை சம்பளப் பட்டியலில் இருந்த ஆலையைப் போல அது நடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கும் கோவைச் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவிலும் மு. கருணாநிதி உட்பட எத்தனையோ பேர் வந்து தங்கி எழுதினார்கள். சம்பளத்துக்கு எழுதினால் எழுத்து முதலாளியுடையது என்பது உண்மைதான். ஆனால் முதல் தேதி என்று ஒன்று இருந்தது. இன்று சேலத்தில் ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. நாங்கள் சேலத்தைத் தாண்டி ரயிலில் போகிறோம்.

நான் கேட்பது பெரிதல்ல. எழுத்தாளரை அறைக்குள் அழைக்கும்போதே, எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, எழுதிக் கொடுப்பது படமாகாவிட்டால் யாருடையது, படமானால் யார் பெயர் எங்கே வரும் என்னும் நான்கைந்து வரிகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. முன்பணம் 500 ரூபாய் என்றாலும் அது பேசப்பட்ட 500 ஆக இருக்கட்டும். இதைச் செய்ய நிறுவனங்களுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அச்சிட்ட படிவம் போதும். சங்கத்தார் அந்தப் படிவத்தைத் தமிழில் தயாரித்து, கோவையிலோ ஈரோட்டிலோ ஆண்டுக்கு ஓரிரு நாட்கள் முகாம் போட்டு, சென்னைக்குப் போகுமுன் எங்களைப் போன்றவர்களுக்கு அதைப் படித்துக் காட்டினால் மிகவும் உதவியாக இருக்கும். எங்கள் பகுதியிலுள்ள காட்சித் தொடர்பியல் துறைகள் கேமராவும் எடிட்டிங்கும் கற்றுக் கொடுக்கின்றன. கடைசிப் பருவத்தில் ஒரு வாரம் ஒப்பந்தத்தையும் கற்றுக் கொடுக்கலாம்.

அடுத்த வாரம் மீண்டும் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. இம்முறை நானே ஒரு தாள் எழுதி எடுத்துப் போகிறேன். நீட்டும் துணிவு அந்த நேரத்தில் வருமா என்பது அங்கே போனால்தான் தெரியும். அந்தக் காரணத்துக்காகவே இந்தக் கடிதத்தில் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் போடவில்லை என்று இவ்வளவு நேரம் புலம்பியவன் பெயரை மறைக்கச் சொல்வது நகைப்புக்குரியது என்பது எனக்கும் தெரிகிறது. கடிதம் நீண்டுவிட்டது; சுருக்கிக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்றும், வாசகர் கடிதங்களுக்குச் சன்மானம் இல்லை என்றும் தாங்கள் இந்தப் பக்கத்தின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். இந்த ஐந்து ஆண்டுகளில் என் எழுத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்த ஒரே நிறுவனம் தங்களுடையதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சோமனூர், கோவை மாவட்டம்.